கணக்குக் காட்டாத யுத்தம்

ஒரு குடும்பத் தலைவர். மாதச் சம்பளக்காரர். இந்த வருஷம் மாடியில் ஓர் அறை எடுத்துவிடுவதாக வீட்டில் சொல்லிவிட்டார். பெண்ணை மெடிக்கல் காலேஜில் சேர்ப்பதாகவும் வாக்குக் கொடுத்தாயிற்று. அந்த நேரம் பார்த்து, ஊரில் இருக்கும் நிலத்துக்காகப் பங்காளியோடு கோர்ட்டுக்குப் போகவேண்டி வருகிறது. கேஸ் எப்போது முடியும், எத்தனை லட்சம் தின்னும், யாருக்கும் தெரியாது.

விஷயத்தை வீட்டில் சொன்னால் என்ன நடக்கும்? "அப்ப மாடி வேலையை நிறுத்துங்க" என்பார்கள். இல்லாவிட்டால், "கேஸே வேணாம், விட்டுத் தொலைங்க" என்பார்கள். இரண்டிலுமே அவருக்கு இஷ்டமில்லை. ஆகவே வாயைத் திறக்காமல் வெளியில் வட்டிக்கு வாங்க ஆரம்பிக்கிறார்.

இதையே ஒரு தேசத்தின் தலைவர் செய்தால்?

செய்தார். அவர் பெயர் லிண்டன் ஜான்சன். அமெரிக்காவின் 36-வது அதிபர். அவர் கட்டிய மாடிக்கு 'மகத்தான சமுதாயம்' என்று பெயர். ஏழைகளுக்குப் படிப்பு, முதியவர்களுக்கு மருத்துவம், கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமை என்று வரிசையாகச் சட்டங்கள். அவர் போன கோர்ட்டுக்கு வியட்நாம் என்று பெயர்.

*

1965-ம் வருஷத்தில் ஒரு பத்து நாளை மட்டும் எடுத்துக்கொள்வோம். அடுத்த அறுபது வருஷக் கதைக்கு இதுதான் விதை.

ஜூலை 28, புதன்கிழமை. ஜான்சன் பத்திரிகையாளர்களைச் சந்திக்கிறார். ராத்திரி நேரத்தில், தேசமே டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அல்ல. நாடாளுமன்றத்தின் இரு சபைகளையும் கூட்டி வைத்துக்கொண்டும் அல்ல. பட்டப்பகல் பன்னிரண்டரை மணிக்கு. வியட்நாமில் இருக்கும் 75,000 அமெரிக்க வீரர்களின் எண்ணிக்கை 1,25,000 ஆக உயர்த்தப்படும் என்கிறார். கட்டாய ராணுவச் சேவைக்கு மாதம் 17,000 இளைஞர்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இனிமேல் 35,000. அப்புறம் அதே மூச்சில், உச்சநீதிமன்றத்துக்கு ஒரு புது நீதிபதியையும், அரசு வானொலிக்கு ஒரு புது இயக்குநரையும் அறிவிக்கிறார். கொள்கையில் ஏதும் மாற்றமா என்று ஒரு நிருபர் கேட்டதற்கு, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று பதில்.

ஒரு தேசம் முழு யுத்தத்துக்குள் காலடி எடுத்து வைக்கிறது. அதன் தலைவரோ, இதெல்லாம் ஒரு விஷயமா என்கிற தோரணையில் சொல்லிவிட்டுப் போகிறார்.

ரிசர்வ் படைகளைக் கூப்பிடவேண்டும் என்று ராணுவ அமைச்சர் ராபர்ட் மெக்நமாரா சிபாரிசு செய்திருந்தார். ஜான்சன் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் ஊர் பூராவும் 'யுத்தம்' என்று பேச ஆரம்பித்துவிடும். வரி உயர்வு பற்றியும் மூச்சுவிடவில்லை. காரணம் லேசில் புரியக்கூடியதுதான். வியட்நாமுக்குப் பணம் வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் கேட்டால், சமூக நலத் திட்டங்களைப் பிடிக்காத உறுப்பினர்கள் ஒரு கூட்டம் அங்கே காத்துக்கொண்டிருந்தது. 'யுத்தத்துக்குத்தானே? தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்த ஏழைகள் திட்டத்தை மூட்டை கட்டுங்கள்' என்று சொல்லிவிடுவார்கள்.

ஜூலை 30, வெள்ளிக்கிழமை. இரண்டே நாள் கழித்து மிசௌரி மாநிலத்தில் இண்டிபெண்டன்ஸ் என்ற ஊர். முன்னாள் அதிபர் ட்ரூமனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு 'மெடிகேர்' சட்டத்தில் ஜான்சன் கையெழுத்துப் போடுகிறார். 65 வயது தாண்டியவர்களுக்கு அரசு மருத்துவக் காப்பீடு. பிரமாதமான சட்டம், சந்தேகமில்லை.

ஆகஸ்ட் 5, வியாழக்கிழமை. சி.பி.எஸ். தொலைக்காட்சியின் மாலைச் செய்தி. மார்லி சேஃபர் என்ற நிருபர், காம் நே என்ற வியட்நாம் கிராமத்திலிருந்து அனுப்பிய படம் ஓடுகிறது. அமெரிக்க மரைன் வீரர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து சிகரெட் லைட்டரை எடுக்கிறார். குடிசையின் கூரையில் வைக்கிறார். ஓலை பற்றிக்கொள்கிறது. கிழவிகள் கையெடுத்துக் கும்பிட்டு அழுகிறார்கள். அடுத்த குடிசை. அதற்கடுத்த குடிசை.

அமெரிக்கக் குடும்பங்கள் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் இதைப் பார்த்தன. ஜான்சன் கொதித்துப்போனார் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

ஆகஸ்ட் 6, வெள்ளிக்கிழமை. அதே ஜான்சன், மார்ட்டின் லூதர் கிங் முன்னிலையில் கறுப்பின மக்களின் ஓட்டுரிமைச் சட்டத்தில் கையெழுத்திடுகிறார். அமெரிக்க சரித்திரத்தின் மிகச் சிறந்த சட்டங்களுள் ஒன்று.

பத்து நாள் முடிந்தது. மாடியும் எழும்புகிறது, கேஸும் நடக்கிறது. பணம் எங்கிருந்து வரும் என்கிற கேள்விக்கு மட்டும் பதிலே இல்லை.

*

அந்த சிகரெட் லைட்டர் படம் எப்படி வெளியே வந்தது என்று நீங்கள் கேட்கவேண்டும். யுத்தத்தில் எந்த ராணுவமாவது கேமராவை உள்ளே விடுமா?

விட்டார்கள். வியட்நாமில் முறையான தணிக்கை கிடையாது. நிருபராக இருந்தால் ஒரு அடையாள அட்டை. படை நகர்வுகளை முன்கூட்டியே எழுதமாட்டேன் என்பது போன்ற சில விதிகளுக்கு ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். ஹெலிகாப்டரில் இடம் இருந்தால் ஏறிக்கொள்ளலாம். போர்முனையில் போய் இறங்கிக்கொள்ளலாம். வீரர்களோடு சாப்பிட்டு, அங்கேயே படுத்து, மறுநாள் திரும்பி வந்து பார்த்ததை எழுதலாம்.

ஏன் இத்தனை தாராளம்? தணிக்கை போட்டால் அது யுத்தம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஜான்சன் நடத்தியதோ, யுத்தம் என்று அறிவிக்கப்படாத யுத்தம். 1964 ஆகஸ்டில் டோன்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இரண்டு முறை தாக்கப்பட்டன என்று சொல்லி, நாடாளுமன்றத்தில் ஒரு தீர்மானம் வாங்கினார்கள். கீழ்ச்சபையில் 416-க்கு 0. செனட்டில் 88-க்கு 2. அந்த இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. அந்த ஒரு தீர்மானத்தை வைத்துக்கொண்டுதான் மொத்த யுத்தமும் ஓடியது.

சைகோனில் தினமும் சாயந்திரம் ராணுவம் ஒரு செய்தியாளர் கூட்டம் நடத்தும். இன்று எதிரிகள் இத்தனை பேர் காலி, இத்தனை பாலம் தகர்ப்பு என்று புள்ளிவிவரம் வாசிப்பார்கள். காலையில் களத்துக்குப் போய்விட்டு வந்த நிருபர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து சிரிப்பார்கள். 'ஐந்து மணிக் கூத்து' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

இதே கூத்து வாஷிங்டனிலும் நடந்தது. ஆனால் அங்கே வாசிக்கப்பட்டது பட்ஜெட்.

1966 ஜனவரியில் சமர்ப்பித்த பட்ஜெட்டில், அடுத்த நிதியாண்டுக்கு வியட்நாம் செலவு சுமார் 1,000 கோடி டாலர் என்று காட்டினார்கள். இந்தத் தொகை எப்படி வந்தது தெரியுமா? 1967 ஜூன் 30-ம் தேதியோடு யுத்தம் முடிந்துவிடும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. அதாவது நிதியாண்டின் கடைசி நாளில் எதிரி ஒழுங்காக வந்து சரணடைந்துவிடுவார்! போர்டு மோட்டார் கம்பெனியின் தலைவராக இருந்த மெக்நமாராவுக்கு, புள்ளிவிவரத்தில் புலி என்று பெயரெடுத்தவருக்கு, இந்தக் கணக்கு உதைக்கும் என்று தெரியாமல் இருந்திருக்குமா?

உதைத்தது. நிஜத்தில் ஆன செலவு சுமார் 2,000 கோடி டாலர். சொன்னதைப்போல இரண்டு மடங்கு.

அதிபரின் பொருளாதார ஆலோசகர் கார்ட்னர் ஆக்லி 1965 டிசம்பரிலேயே சொல்லிவிட்டார். வரியை உயர்த்துங்கள், இல்லாவிட்டால் விலைவாசி பிய்த்துக்கொண்டு போய்விடும் என்று. ஜான்சன் கேட்கவில்லை. 1967-ல்தான் வருமான வரிமீது கூடுதல் வரி போடும் பேச்சையே எடுத்தார். அப்போது யார் ஒப்புக்கொள்வார்கள்? கீழ்ச்சபையில் வரி விவகாரங்களைக் கையில் வைத்திருந்த கமிட்டியின் தலைவர் வில்பர் மில்ஸ், செலவை வெட்டினால்தான் வரி என்று பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டார்.

1968 நிதியாண்டில் பட்ஜெட்டில் துண்டு விழுந்த தொகை 2,500 கோடி டாலருக்கும் மேல். 1965-ல் இரண்டு சதவீதத்துக்கும் கீழே இருந்த விலைவாசி உயர்வு, 1969-ல் ஐந்து சதவீதத்தைத் தாண்டிவிட்டது. எந்த நாடாளுமன்றமும் ஓட்டுப் போடாத ஒரு வரி அது. பால் வாங்கும்போதும் ரொட்டி வாங்கும்போதும் அமெரிக்க இல்லத்தரசிகள் அதைக் கட்டினார்கள்.

*

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை எத்தனை நாள் நடக்கும்? எல்லாம் ஒன்றுசேர்ந்து வெடித்த வருஷம் 1968.

முந்தைய நவம்பரில்தான் தளபதி வெஸ்ட்மோர்லண்டை வாஷிங்டனுக்கு வரவழைத்து, முடிவு கண்ணுக்குத் தெரிகிறது என்று பேசவைத்திருந்தார்கள். 1968 ஜனவரி கடைசியில், டெட் என்கிற வியட்நாம் புத்தாண்டு சமயத்தில், தெற்கு வியட்நாம் முழுக்க நகரம் நகரமாகத் தாக்குதல். சைகோனில் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே எதிரிகள் புகுந்துவிட்டார்கள். ராணுவரீதியில் பார்த்தால் வியட்காங்குகளுக்குத்தான் பலத்த அடி. ஆனால் அமெரிக்க வீடுகளில் எழுந்த கேள்வி வேறு. முடியப்போகிறது என்றீர்களே, இது என்ன?

பிப்ரவரி 27-ம் தேதி, தேசமே நம்பிய செய்தி வாசிப்பாளர் வால்டர் கிராங்கைட், இந்த யுத்தம் முட்டுச்சந்தில் நிற்கிறது என்று சொன்னார். மார்ச் 10-ம் தேதி, தளபதி இன்னும் 2,06,000 வீரர்கள் கேட்கிறார் என்று நியூயார்க் டைம்ஸ் செய்தி போட்டது. மார்ச் 15-ம் தேதி லண்டன் தங்கச் சந்தையையே மூடவேண்டியதாயிற்று. டாலரை நம்பாதவர்கள் தங்கத்தை வாங்கிக் குவித்துக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 31. ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றினார். இந்த முறை ராத்திரி நேரம்தான். குண்டுவீச்சைக் குறைக்கிறேன் என்றார். கூடுதல் வரி மசோதாவை நிறைவேற்றித் தாருங்கள் என்று கேட்டார். கடைசியில், மீண்டும் அதிபர் தேர்தலில் நிற்கமாட்டேன் என்று சொல்லி முடித்தார்.

ஒரே உரை. யுத்தம், வரி, பதவி மூன்றும் அதற்குள் இருந்தன. பிரித்துப் பிரித்து மறைத்தவை எல்லாம் சேர்ந்தேதான் வெளியே வந்தன.

ஜூன் 28-ம் தேதி பத்து சதவீதக் கூடுதல் வரி சட்டமானது. அதற்கு விலையாக, 600 கோடி டாலர் அரசுச் செலவை வெட்ட ஜான்சன் சம்மதிக்க வேண்டியிருந்தது. வெட்டு எங்கே விழும்? யுத்தத்தின் மீது விழாது. எந்த நலத்திட்டங்களைக் காப்பாற்றுவதற்காக மூன்று வருஷம் கணக்கை மறைத்தாரோ, அவற்றின் கழுத்தில்தான் கத்தி வந்து நின்றது.

*

இதிலிருந்து ஒரு தேசம் என்ன பாடம் கற்றுக்கொள்ளவேண்டும்? யுத்தம் என்றால் முதலிலேயே செலவைச் சொல்லு, ஜனங்களைக் கேள், பிறகு போ. அதுதானே?

அமெரிக்க ராணுவத் தலைமையகத்தில் பலர் கற்றுக்கொண்டது அதுவல்ல. பத்திரிகைக்காரனை உள்ளே விட்டதுதான் தப்பு என்று முடிவு கட்டினார்கள். 1971-ல் பென்டகனின் 7,000 பக்க ரகசிய வியட்நாம் வரலாற்றை டேனியல் எல்ஸ்பெர்க் வெளியே கொடுத்ததும், அதை வெளியிடத் தடையில்லை என்று உச்சநீதிமன்றம் 6-க்கு 3 என்று தீர்ப்பளித்ததும் எரிச்சலைக் கூட்டின.

வேடிக்கை என்னவென்றால், அமெரிக்க ராணுவத்தின் சொந்த வரலாற்று மையமே இந்தக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. அங்கே பணியாற்றிய வில்லியம் ஹேமண்ட், ராணுவத்துக்கும் பத்திரிகைகளுக்கும் இருந்த உறவைத் தடித்தடியான இரண்டு தொகுதிகளாக எழுதினார். மக்கள் ஆதரவைக் குறைத்தது செய்திகள் அல்ல, சாவுகள் என்பதுதான் அவர் கண்ட முடிவு. கொரியாவிலும் அப்படித்தான், வியட்நாமிலும் அப்படித்தான். வியட்நாமில் மட்டும் 58,000-க்கும் அதிகமான அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். வியட்நாம் மக்கள் பல லட்சம். இதற்கு கேமரா எதற்கு? தெருவுக்கு ஒரு வீட்டில் சவப்பெட்டி வந்தால் போதாதா?

ஒரு யுத்தம் நடக்கிறது என்பதை ஒரு சாதாரணக் குடும்பம் மூன்று வழியில் உணரும். பிள்ளை, பணம், படம். வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள். சம்பளத்தில் வரி பிடிக்கிறார்கள். நடப்பதைக் கண்ணால் பார்க்கிறோம். ஜான்சன் இரண்டாவதை மட்டும்தான் மறைத்துப் பார்த்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் மூன்றையுமே ஒவ்வொன்றாக அடைத்தார்கள்.

1973-ல் கட்டாய ராணுவச் சேவை முடிவுக்கு வந்தது. இனிமேல் விருப்பப்பட்டவர்கள் மட்டும். நல்ல விஷயம்தான். ஆனால் யுத்தம் பெரும்பாலான வீடுகளின் வாசலைத் தட்டாமல் போய்விட்டது.

1983 அக்டோபரில் கிரெனடா என்ற குட்டித் தீவுக்குள் ரீகன் படை அனுப்பினார். முதல் இரண்டு நாள் ஒரு நிருபருக்கும் அனுமதியில்லை. சொந்தமாகப் படகு பிடித்துப் போனவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். பத்திரிகைகள் கூச்சல் போட்ட பிறகு, நிருபர்களைக் குழுவாக அழைத்துப்போகும் ஏற்பாடு வந்தது. 1989 டிசம்பரில் பனாமா படையெடுப்பின்போது அந்தக் குழு சண்டை தொடங்கிப் பல மணி நேரம் கழித்தே போய்ச் சேர்ந்தது. அதே சமயம் ஒரு சங்கடம் நேர்ந்தது. மூத்த புஷ் பத்திரிகையாளர்களிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். டி.வி. திரையின் மறுபாதியில் வீரர்களின் சவப்பெட்டிகள் வந்து இறங்கிக்கொண்டிருக்கின்றன. 1991-ல் வளைகுடா யுத்தம் வந்தபோது, டோவர் விமானப்படைத் தளத்தில் சவப்பெட்டிகளைப் படமெடுக்கவே தடை போட்டுவிட்டார்கள். நிருபர்கள் போகுமிடமெல்லாம் கூடவே ஒரு ராணுவ அதிகாரி. எழுதியதை முதலில் அவர்கள் பார்க்கவேண்டும்.

அந்த யுத்தத்தின் பில்? சுமார் 6,100 கோடி டாலர். அதில் 5,400 கோடியை சவுதி, குவைத், ஜப்பான், ஜெர்மனி போன்ற நாடுகள் தருவதாக ஒப்புக்கொண்டன. அமெரிக்க வீடுகளுக்குச் செலவு தெரியவில்லை. சாவு தெரியவில்லை. ராத்திரி வானத்தில் பச்சைப் பச்சையாக ஏதோ பறந்தது மட்டும் டி.வி.யில் தெரிந்தது.

2003 இராக் யுத்தத்தில் முறை மாறியது. சுமார் 600 நிருபர்களைப் படைப்பிரிவுகளோடே சேர்த்து அனுப்பினார்கள். கேமராவுக்குக் கதவு திறந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் யாருடைய வண்டியில் போகிறோமோ, யார் நம் உயிரைக் காப்பாற்றுகிறார்களோ, அவர்கள் பக்கத்திலிருந்துதான் எதையும் பார்க்க முடியும். கவசவண்டியின் ஜன்னல் வழியாகத் தெரிந்த யுத்தம் அது.

பணக் கதை அப்படியே 1965. அதிபரின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே, இராக்குக்கு 10,000 கோடியிலிருந்து 20,000 கோடி டாலர்வரை ஆகலாம் என்று 2002 செப்டம்பரில் சொன்னார். மிகையான கணக்கு என்றது வெள்ளை மாளிகை. டிசம்பரில் அவர் ராஜினாமா செய்தார். 5,000 அல்லது 6,000 கோடி போதும் என்றார்கள். 2003 மார்ச் 20-ல் யுத்தம் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. வழக்கமான பட்ஜெட்டுக்கு வெளியே, அவசர நிதி என்று 7,470 கோடி கேட்டு நாடாளுமன்றத்துக்கு வந்தார் இளைய புஷ். வருஷா வருஷம் இப்படியே 'அவசரம்' தொடர்ந்தது. கடைசியில் இராக்குக்கு மட்டும் 80,000 கோடி டாலரைத் தாண்டியது.

வரி உயர்வு? ம்ஹும். யுத்தம் தொடங்கிய இரண்டே மாதத்தில், மே 28-ம் தேதி, புஷ் வரிக் குறைப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஜான்சன் கடைசியிலாவது வரி கேட்டார். இவர் கேட்கவே இல்லை. முழுக்கக் கடன்.

*

ஜான்சன் கதையில் ஒரு விஷயம் பாக்கியிருக்கிறது. 1966 ஜூலை 4-ம் தேதி அவர் இன்னொரு சட்டத்திலும் கையெழுத்துப் போட்டார். விழா கிடையாது. சுற்றி நின்று கைதட்டப் பிரமுகர்கள் கிடையாது. மனசில்லாமல் போட்ட கையெழுத்து. அரசு ஆவணங்களைக் கேட்டுப் பெற மக்களுக்கு உரிமை தரும் தகவல் சுதந்திரச் சட்டம் அது. 2004-ல் டோவர் தளத்தின் சவப்பெட்டிப் படங்கள் நூற்றுக்கணக்கில் வெளியே வந்தது அந்தச் சட்டத்தின்கீழ் போட்ட ஒரு மனுவால்தான். 2009-ல் ராணுவ அமைச்சர் ராபர்ட் கேட்ஸ், குடும்பத்தார் சம்மதித்தால் படமெடுக்கலாம் என்று தடையை நீக்கினார்.

கதவு அத்தோடு திறந்தே இருந்துவிடவில்லை. 2025 ஜூலையில், ராணுவத்துக்கென்று கூடுதலாகச் சுமார் 15,000 கோடி டாலரை அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கியது. அதே வருஷம் அக்டோபரில் பென்டகன் புது விதிகளைக் கொண்டுவந்தது. அனுமதி தரப்படாத தகவல்களை அதிகாரிகளிடம் கேட்டு வாங்கும் நிருபரின் அடையாள அட்டை பறிபோகலாம். பெரிய பத்திரிகைகள், டி.வி.க்கள் ஏறக்குறைய எதுவுமே கையெழுத்துப் போடவில்லை. அரசுக்கு ஆதரவான ஃபாக்ஸ் நியூஸ்கூட மறுத்துவிட்டது. அக்டோபர் 15-ம் தேதி, பல வருஷமாக அந்தக் கட்டடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்து எழுதியவர்கள் டஜன் கணக்கில் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள்.

ஒரே வருஷத்தில் நடந்த இந்த இரண்டையும் தனித்தனிச் செய்தியாகத்தான் நீங்கள் படித்திருப்பீர்கள். ஒன்று வணிகப் பக்கத்தில், இன்னொன்று வெளிநாட்டுப் பக்கத்தில். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். செலவுக்குப் பணம் கொடுத்தாயிற்று. செலவு எங்கே போகிறது என்று பார்க்கிறவரை வெளியே அனுப்பியாயிற்று.

எந்த நாட்டு யுத்தச் செய்தியைப் படித்தாலும், யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். யார் வீட்டுப் பிள்ளை? யாருடைய பணம்? இந்தப் படத்தை யார் எடுத்தார்கள்? பதில் சொல்ல முடியாத யுத்தத்துக்கும் பில் வரும். ஜான்சனுக்கு மூன்று வருஷம் கழித்து வந்தது. வட்டியோடு.